உமிக்கரி ஊக்கியும் கிண்ணியாக் கிணறும்

கண்டி நகரத்தின் குப்பை கட்டுகஸ்தோட்டைக்கு அருகே, மகாவலிக் கரையோரம், கொஹாகொடையில் மலையாகக் கொட்டப்பட்டது. அந்த மேட்டின் கசிவுநீர் ஆற்றில் இறங்குகிறது. சற்றுக் கீழே பொல்கொல்லை அணை. 1976 முதல் அங்கே ஆற்றின் ஒரு பங்கு சுரங்கவழியாக வடக்கே திருப்பப்படுகிறது. அது அம்பன் கங்கை, எலஹெர, மின்னேரியா என்று இறங்கிக் கந்தளாய்க் குளத்துக்கு வந்து சேர்கிறது. கந்தளாயில் சுத்திகரிக்கும் நீர்தான் திருகோணமலைக்கும் கிண்ணியாவுக்கும் குழாயில் வருகிறது. திருப்பப்படாத பங்கு கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. கிண்ணியா அந்தக் குடாவின் கரையில்தான் இருக்கிறது. இவ்வளவு தூரம் ஓடிவரும் நீரில் கண்டியின் கசிவு மிகமிக ஐதாகிவிடும். யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. மேல்நாட்டுத் தேயிலை தொடங்கிக் கீழ்நாட்டு வயல்வரை எதை நிலத்தில் தெளித்தாலும் அதில் ஒரு துளிக்கு இந்தப் பக்கம் வர வழி உண்டு என்பதற்காகவே சொல்கிறேன்.

குழாய் வராத நாளில் கிண்ணியாவுக்குக் கிணறுதான் துணை. மணற்பாங்கான கரையோர நிலத்தில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். வீடுகள் நெருங்கிய இடங்களில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடைவெளி குறைவு. ஒருபுறம் கொட்டியாரக் குடா, மறுபுறம் தம்பலகாமக் குடா, உள்ளே வயல். 2004 கடற்கோளில் இந்தக் கரையின் கிணறுகளுக்குள் கடல்நீர் ஏறியதை ஊரில் மறந்தவர் இல்லை.

இப்படிப்பட்ட நீரில் களைநாசினி, பூச்சிநாசினி, மருந்து எச்சம், எரிபொருள் எண்ணெய் போன்ற சேதன மாசுகள் கலந்தால் என்ன செய்வது? கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக ஆய்விதழ்களில் ஒரு விடை உரத்துக் கேட்கிறது. உமி, தேயிலைக் கழிவு, மரக்கழிவு முதலியவற்றைக் கரியாக்கி, அந்தக் கரியைச் சிறிது மாற்றியமைத்து ஊக்கியாக்கினால், மாசைப் பிடித்துவைப்பதோடு நில்லாமல் சிதைத்தே போட்டுவிடலாம் என்கிறார்கள். உமி நமக்குப் பஞ்சமில்லாத பொருள். ஆகவே இந்த விடை நமக்காகவே செய்யப்பட்டதுபோலத் தோன்றும். அதனால்தான் இதைக் கறாராக எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் அது வேலை செய்யும் விதம். ஒட்சிசன் போதாத சூழலில் 300 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிய தாவரக் கழிவே உயிர்க்கரி. வெப்பம் ஏற ஏற உள்ளிருக்கும் காபன், பென்சிற்கரியைப் போன்ற தகடுகளாக அடுக்குக் கொள்கிறது, நுண்துளைகள் திறக்கின்றன, மின் கடத்தும் தன்மையும் வருகிறது. இதை நீராவியால் திறக்கலாம், காரத்தால் கழுவலாம், யூரியாவோடு சேர்த்துச் சுட்டு நைதரசனை ஏற்றலாம், இரும்பு, மங்கனீசு, கோபாற்று உப்புகளில் ஊறவைத்து மீண்டும் சுடலாம். ஆய்விதழ்கள் மாற்றியமைத்த உயிர்க்கரி என்று சொல்வது இவற்றைத்தான். ஆனால் கரி தனியாக மாசைச் சிதைப்பது சொற்பமே. கூடவே ஒரு ஒட்சியேற்றி வேண்டும்: ஐதரசன் பரஒட்சைட்டு அல்லது பரசல்பேற்று. கரியின் மேற்பரப்பு அந்த ஒட்சியேற்றியை உடைத்து ஐதரொட்சில் மூலிகம், சல்பேற்று மூலிகம் போன்ற, நொடியின் மிகச் சிறு பின்னத்துக்குள் வாழ்ந்து முடியும் கடுந்தாக்கிகளைப் பிறப்பிக்கிறது. அவை எதிர்ப்படும் மூலக்கூறைக் கடித்து உடைக்கின்றன. கோபாற்று இந்த வேலையை அபாரமாகச் செய்யும் என்று 2003 இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் அனிப்சிற்றாக்கிசும் டயோனிசியோவும் காட்டினார்கள். உலோகமே ஏற்றாத கரியிலும் சுடும்போது பிறந்து நீண்டகாலம் தங்கும் மூலிகங்கள் இருக்கின்றன, அவையும் பரஒட்சைட்டை உடைக்கும் என்று 2014 இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மூலிகமே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. கரித்தகட்டில் ஒரு பக்கம் மாசு ஒட்டிக்கொள்ள, மறுபக்கம் பரசல்பேற்று ஒட்டிக்கொள்ள, மாசிலிருந்து இலத்திரன் கரிவழியாகப் பரசல்பேற்றுக்குப் போகிறது. பீனோல் போன்று இலத்திரனை எளிதில் விடும் மாசுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் கண்டுபிடிப்பு இதுதான். காரணம் பின்னால் வருகிறது.

இலங்கையில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் மெத்திகா விதானகே. கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனத்திலும் பின்னர் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் அவரும் உடன் ஆய்வாளர்களும் செய்தவை வீண் வேலைகள் அல்ல. தேயிலைக் கழிவுக் கரி சல்பாமெதசீன் என்ற கால்நடை மருந்தை எவ்வளவு பிடிக்கிறது, உமிக்கரி காபோபியுரான் பூச்சிநாசினியை எப்படிப் பிடிக்கிறது, மரக்கரி கிளைபோசேற்றுக் களைநாசினியை எப்படிப் பிடிக்கிறது என்றெல்லாம் நம் நாட்டுக் கழிவை எடுத்து, நம் நாட்டில் பயன்பட்ட நஞ்சை வைத்துச் சோதித்தார்கள். கொஹாகொடைக் குப்பையையே கரியாக்கி, அதே குப்பையின் கசிவுநீரில் இருக்கும் பென்சீனைப் பிடிக்கவைக்கும் முயற்சியும் அந்தக் குழுவினுடையது. பிரச்சினை எங்கேயோ அங்கேயே பொருளையும் தேடிய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கவனியுங்கள்: இவையெல்லாம் கரியின் மேற்பரப்பில் மாசு ஒட்டிக்கொள்வதைப் பற்றிய ஆய்வுகள். ஊக்கியாகிச் சிதைப்பது வேறு வேலை. முதலாவதில் கிடைத்த நற்பெயரை இரண்டாவதின் கணக்கில் எழுதக்கூடாது. முதலாவதிலும் எல்லைகள் இருக்கின்றன. தேயிலைக் கரி சல்பாமெதசீனை மிக அதிகமாகப் பிடித்தது பீ.எச். 3 அளவிலான அமில நீரில்தான். குடிநீர்க் கிணறு எதுவும் அந்தப் புளிப்பில் இருக்காது.

ஊக்கி ஆய்வுகளுக்கு வருவோம். தொண்ணூற்றொன்பது சதவீதம் நீக்கம் என்ற வரியைப் பார்த்ததும் நான் தேடுவது, அந்த நீக்கத்தில் எவ்வளவு பிடித்துவைத்தது, எவ்வளவு சிதைத்தது என்பதை. கரி தனியாக, ஒட்சியேற்றி தனியாக, இரண்டும் சேர்ந்து என்று மூன்று சோதனைகளையும் செய்து, கடைசியில் கரியைக் கழுவி அதில் ஒளிந்திருக்கும் மாசையும் அளந்தால்தான் இது தெரியும். அளக்காத கட்டுரைகள் நிறைய. மாசு மறைந்ததா, மாசின் உரு மாறியதா என்பது அடுத்த கேள்வி. கிளைபோசேற்றை ஒட்சியேற்றினால் ஏ.எம்.பி.ஏ. என்ற இன்னொரு சேர்வை பிறக்கிறது. அதுவும் மண்ணிலும் நீரிலும் பிடிவாதமாகத் தங்கக்கூடியது. கிளைபோசேற்று காணாமற்போய்விட்டது என்று கருவி சொல்லும். குடிப்பவர் உடலுக்கு அது போதாது. நீரில் மொத்தச் சேதனக் காபன் எவ்வளவு குறைந்தது என்ற எண்ணை, மாசு மறைந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கவேண்டும். பெரும்பாலும் இரண்டாவது எண் பெருமையாகவும் முதலாவது எண் கூச்சத்தோடும் நிற்கும்.

பொறிமுறையைக் காட்டும் படங்களிலும் எனக்குத் திருப்தி இல்லை. மூலிகத்தைத் தின்னும் மெதனோலைச் சேர்த்து, வேகம் குறைந்தால் மூலிகம்தான் வேலை செய்தது என்று முடிவு கட்டுவது பரவலான வழக்கம். மெதனோல் மூலிகத்தை மட்டும் தின்பதில்லை. அளவு கூடும்போது கரியின் மேற்பரப்பிலும் இடம் பிடிக்கிறது. அதனாலும் வேகம் குறையலாம். எந்த வழியில் தாக்கம் நடக்கிறது என்பது கரையோர ஊருக்கு வாழ்வா சாவா என்ற அளவுக்கு முக்கியம் என்பதால் இந்தக் கவனக்குறைவை மன்னிக்க மனமில்லை.

ஏன் முக்கியம் என்றால், உப்பு. இந்தக் கட்டுரையின் மையமே இதுதான்.

ஆய்வுகூடத்தில் மாசைக் கரைப்பது காய்ச்சி வடித்த நீரில். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டும் 67 மில்லிகிராம் புரோமைட்டும் இருக்கின்றன. கடலை ஒட்டிய ஒரு கிணற்றில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் ஊறிக் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளோரைட்டு 190 மில்லிகிராம் வரும். நாக்கு உவர்ப்பைக் கண்டுபிடிக்கும் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளும் 250 மில்லிகிராமை அது தாண்டவில்லை. வீட்டார் நல்ல தண்ணீர் என்றே குடிப்பார்கள். புரோமைட்டு 0.67 மில்லிகிராம், அதனாலும் இப்போதைக்குத் தீங்கில்லை. இந்த நீருக்குள் சல்பேற்று மூலிகத்தைப் பிறப்பித்தால் கதை மாறுகிறது. அது குளோரைட்டைத் தாக்கிக் குளோரின் மூலிகங்களை உண்டாக்கும். அவை சேதனப் பொருளோடு சேர்ந்து குளோரினேறிய புதுச் சேர்வைகளைப் பிறப்பிக்கும். புரோமைட்டைத் தாக்கினால் புரோமேற்று வரை போகலாம். புரோமேற்று புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பதால் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு வெறும் 10 மைக்கிரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 மைக்கிரோகிராம் புரோமேற்றில் புரோமின் 6.25 மைக்கிரோகிராம். கிணற்றில் இருப்பதோ 670. ஆக, அந்தப் புரோமைட்டில் நூற்றில் ஒரு பங்குகூடப் புரோமேற்றாக மாறவேண்டியதில்லை. அதற்கு முன்பே நீர் குடிக்கத் தகாததாகிவிடும்.

நீரில் இயற்கைச் சேதனப் பொருள் இருந்தால் புரோமேற்று குறையும் என்பது உண்மை. ஆனால் அப்போது புரோமின் அந்தச் சேதனப் பொருளில் ஏறிக்கொள்ளும். எந்தப் பக்கம் போனாலும் நல்ல செய்தி இல்லை. களைநாசினியின் சில மைக்கிரோகிராம்களை எடுக்கப்போய், முன்பு இல்லாத நஞ்சைச் சில மைக்கிரோகிராம் சேர்த்துவிட்டால் அதைச் சுத்திகரிப்பு என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் இலத்திரன் வழி எனக்கு நம்பிக்கை தருகிறது. மூலிகம் இல்லாமல் கரித்தகட்டின் ஊடாக நடக்கும் ஒட்சியேற்றம் குளோரைட்டை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. ஆனாலும் பரசல்பேற்றில் இரண்டு வகை உண்டு. ஆய்விதழ்களில் அதிகம் புழங்கும் பெரொக்சிமொனோசல்பேற்று, ஊக்கி எதுவும் இல்லாமலேயே புரோமைட்டை ஒட்சியேற்றவல்லது. மந்தமான பெரொக்சிடைசல்பேற்றை நைதரசன் ஏற்றிய, உலோகமற்ற கரியோடு சேர்க்கும் வழிதான் உவர்நீர்க் கரைக்கு ஓரளவாவது பொருந்தும். கோபாற்றுக் கரியோடு மொனோ வகையைச் சேர்ப்பது வேகத்தில் முன்னணியில் நிற்கும் கூட்டு. கிண்ணியாவுக்கு மிக மோசமான தேர்வும் அதுவே. கோபாற்று நீரில் கசியும். மொனோ வகை நீரைப் புளிக்கவைத்து அந்தக் கசிவைக் கூட்டும்.

அளவையும் பார்ப்போம். ஆய்வுகளில் சாதாரணமாகக் காணும் ஒரு மில்லிமோல் என்ற செறிவுக்கு ஆயிரம் லீற்றரில் 238 கிராம் சோடியம் பரசல்பேற்று போடவேண்டும். அது வேலை முடித்து விட்டுப்போகும் சல்பேற்று லீற்றருக்கு 192 மில்லிகிராம். நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் ஏற்கனவே 27 மில்லிகிராம் சேர்த்திருக்கும். கூட்டினால் 219, சல்பேற்றின் சுவை எல்லையும் 250 தான். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 500 லீற்றர் என்றால் வருடத்துக்கு 43 கிலோகிராம் பரசல்பேற்று. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் 25 லீற்றர் என்றால் இரண்டு கிலோகிராம் சொச்சம். செலவளவில் பின்னது தாங்கக்கூடியதுதான். ஆனால் சீனியைப் போன்று வெள்ளையாக இருக்கும் ஒரு கடும் ஒட்சியேற்றியைக் குழந்தைகள் நடமாடும் குசினித் தட்டில் வைக்கச்சொல்லி எந்த வீட்டுக்கும் என்னால் சிபாரிசு செய்ய முடியாது. தாக்கத்தில் செலவாகாத பரசல்பேற்று குடிநீரில் எஞ்சுவதும் உண்டு. ஆய்வுகளில் அதைத் தேவைக்கு மேல் அள்ளிப்போடுவதே வழக்கம். இதுவும் இறக்குமதிப் பொருள். 2022 இல் எரிபொருளுக்கே நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. குடிநீரை இன்னொரு இறக்குமதித் தூளில் கட்டிவைப்பதற்கு முன் அந்த வருடத்தை நினைக்கவேண்டும்.

தொட்டியில் நீரை நிரப்பி, தூள் போட்டு, கலக்கி, வடித்து, மீண்டும் சேமித்துவைக்கும் முறை வீட்டுக்குள் இன்னும் சில வாளிகளையும் பீப்பாய்களையும் கொண்டுவரும். 2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதைக் கண்டவர்கள், நீரைத் தேக்கிவைக்கச் சொல்லும் எந்தத் தொழில்நுட்பத்தையும் இருமுறை யோசித்தே உள்ளே விடுவார்கள்.

செறிவு பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் காபோபியுரானுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 7 மைக்கிரோகிராம். ஆய்வுகூடத்தில் மாதிரி மாசை 10, 20 மில்லிகிராம் அளவில் கரைக்கிறார்கள். 20 மில்லிகிராம் என்றால் அந்த எல்லையின் ஏறத்தாழ 2,900 மடங்கு. மாசு அவ்வளவு இருக்கும்போது மூலிகத்துக்கு முதலில் அகப்படுவது மாசுதான். கிணற்றில் நிலைமை நேர்மாறு. இலைமக்கும் மண்மக்கும் கரைந்த சேதனக் காபன் 3 மில்லிகிராம் இருந்தாலே அது 7 மைக்கிரோகிராம் நஞ்சைப் போல நானூறு மடங்குக்கு மேல். மூலிகம் அதில்தான் செலவழியும். இருகாபனேற்று மீதியைத் தின்றுவிடும். கடினநீர்க் கிணறுகளில் அதற்குக் குறைவில்லை. உயர்செறிவில் கிடைத்த வேகத்தைத் தாழ்செறிவுக்கும் உரித்தாக்கும் முடிவுரைகளை நான் ஏற்பதில்லை. தமிழ்நாட்டின் திருப்பூரில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட வரலாறும் இங்கே பொருந்தும். அங்கே சாயத்தோடு கூடவே வந்த உப்புச்சுமையும் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. நிறத்தை எடுப்பது பாதி வேலைதான். மெதிலீன் நீலச் சாயத்தை வடிநீரில் வெளுக்கவைத்துவிட்டு சாயக்கழிவுக்கு வழி கண்டோம் என்று எழுதுபவர்கள் நொய்யலாற்று நீரில் ஒரு குடுவை எடுத்துச் சோதித்துவிட்டு எழுதட்டும்.

இனி மலிவு. உயிர்க்கரியின் பெரிய கவர்ச்சி அதுதான். உமிக்கு விலையே இல்லை என்பது ஆய்விதழ்ச் சித்திரம். நம் பக்கத்து அரிசி ஆலைகளில் உமி நெல் அவிக்கும் கொதிகலனுக்கு எரிபொருள். செங்கல் சூளைக்கும் போகிறது. அதற்கு ஒரு பயன் உண்டு, ஆகவே ஒரு விலையும் உண்டு. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்குவரை சாம்பலாக நிற்கும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. கரியின் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சிலிக்காவைக் காரத்தில் கரைத்து எடுக்கவேண்டும். பிறகு காரக் கழிவுநீரை எங்கே விடுவது? பீப்பாயில் போட்டுப் புகையவிடும் கரியில் தாரும் பல்வளைய அரோமற்றிக்குச் சேர்வைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவையே சேதன மாசுகள். ஒழுங்கான உலை, கட்டுப்பாடான வெப்பம், கழுவல், சோதனை எல்லாம் சேர்ந்தால் மலிவு குறைந்துகொண்டே போகிறது.

இதற்குள் இருக்கும் முரண் ஆழமானது. கரி மலிவு என்றால் பிடித்துவைக்கும் வேலைக்கு அதைப் பயன்படுத்தி, நிறைந்ததும் உயர்வெப்ப உலையில் எரித்துவிட்டுப் புதிதாகப் போடலாம், ஊக்கியே தேவையில்லை. கரியில் கோபாற்றையோ மங்கனீசையோ ஏற்றிவிட்டால் அது மலிவாகவும் இருக்காது, தூக்கி எரிக்கவும் முடியாது. உலோகச் சாம்பல் இன்னொரு கழிவாகிவிடும். ஆக, மாற்றியமைப்பது எந்தக் காரணத்துக்காகக் கரியைத் தேடினோமோ அந்தக் காரணத்தையே தின்கிறது. இந்த முரணுக்கு விடை சொல்லாத கட்டுரையை நான் முழுமையானதாகக் கொள்ளமாட்டேன்.

ஒப்பீடும் சரியான பொருளோடு இருக்கவேண்டும். மாற்றாத கரியோடு மாற்றிய கரியை ஒப்பிட்டால் வெற்றி உறுதி. இலங்கையில் ஒப்பிட வேண்டியது தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் ஏவிய காபனோடு. 1973 இல் தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் உலகத்துக்கே அதை விற்கிறது. குடிநீரில் பல்லாண்டு சோதனையைத் தாண்டி வந்த பொருள் அது. ஒட்சியேற்றி கேட்பதில்லை, புரோமேற்றைப் பிறப்பிப்பதில்லை. கிளைபோசேற்று போன்று நீரோடு நன்றாகக் கலந்துபோகும் மூலக்கூறுகளில் அது தடுமாறும் என்பது உண்மை. உயிர்க்கரி ஊக்கி தன் பெருமையைக் காட்டவேண்டிய இடம் அதுதான். ஆனால் ஊக்கியைக் கொண்டு சிதைத்தால் ஏ.எம்.பி.ஏ. வருகிறதே என்ற கேள்வி அங்கேயும் காத்திருக்கிறது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நினைக்காமல் இந்த மதிப்பீட்டை முடிக்கமுடியாது. தமிழர் வாழும் பகுதியில் கிணறு சேதன மாசால் கெட்டதற்கு நம் காலத்தில் நீதிமன்றம் வரை போன வழக்கு அது. அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் படிந்தது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனை பல கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் அளவு மீறியிருப்பதாகக் கண்டது. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறு முடிவு சொன்னது. மக்கள் பவுசர் நீருக்குக் காத்துநின்றார்கள். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம், அங்கே மின் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்த வழக்கில் எனக்குத் தைத்த விடயம், கிணற்றில் என்ன இருக்கிறது என்பதிலேயே ஒரு நாட்டின் இரண்டு அமைப்புகள் உடன்படவில்லை என்பதுதான். என்ன மாசு, எவ்வளவு என்று அளக்கும் வலு ஊருக்கு அருகில் இல்லாதபோது, எந்த ஊக்கி நல்லது என்ற கேள்வி முந்திக்கொண்டு வருகிறது.

கிண்ணியாவின் எதிர்க்கரையில் சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. இரண்டாம் உலகப்போருக்கு முன்பிருந்து பிரித்தானியர் கட்டிய அவற்றில் இன்று 99 தாங்கிகள்; 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானியத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி அவற்றைத் திருத்திப் பயன்படுத்தும் திட்டம் இருக்கிறது. தாங்கிகள் நிரம்ப நிரம்ப சுன்னாகம் போன்ற ஆபத்தும் அருகே வருகிறது. ஊக்கிக்கு நான் கொடுக்கும் முதல் இடம் இங்கே: ஒரு கசிவு நடந்தால் மேலே இறைத்த எண்ணெய்நீரை மூடிய தொட்டியில் வைத்துச் சிதைப்பது. மாசு செறிவாக இருக்கிறது. யாரும் அந்த நீரைக் குடிக்கப்போவதில்லை. பக்கவிளைபொருளை அளந்து, பிறகே வெளியே விடலாம். இதே நியாயத்தில் தள வைத்தியசாலை போன்ற ஓரிடத்தின் கழிவுநீரையும் சேர்ப்பேன். நுண்ணுயிர்கொல்லி மருந்துகளின் எச்சம் அங்கே ஒரே குழாயில் திரண்டு வருகிறது.

இரண்டாவது இடம் கரியையே கழுவுவது. அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஓக்லகோமா ஆய்வுகூடத்தில் ஸ்கொற் ஹியூலிங், மாசு நிறைந்த ஏவிய காபனில் இரும்பையேற்றி ஐதரசன் பரஒட்சைட்டை ஓடவிட்டு, மாசைக் கரிக்குள்ளேயே எரித்துக் கரியை மீட்கலாம் என்று காட்டினார். குடிநீர் கரிவழியே மட்டும் போகட்டும். கரி நிறைந்ததும் எடுத்துவந்து, தனியிடத்தில், பரஒட்சைட்டைக் கொண்டு ஊக்கி வேலையைச் செய்யவிடலாம். பரஒட்சைட்டு விட்டுப்போவது நீரும் ஒட்சிசனும். கழுவிய நீர் குறைவு, அதை அளக்கமுடியும். இரும்பு வழித் தாக்கம் அமில நீரில்தான் நன்றாக ஓடும் என்ற பழைய சிக்கலும் தனித்தொட்டியில் சிக்கலாக இராது. திரும்பத் திரும்பக் கழுவினால் கரியின் மேற்பரப்பு ஒட்சியேறி, எண்ணெய்த்தன்மையுள்ள மாசுகளைப் பிடிக்கும் வலு குறையும். எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்பதை உமிக்கரியில் இனிமேல்தான் அளக்கவேண்டும். நான்கைந்து சுற்றுடன் நிறுத்திவிடும் ஆய்வுகள் இதற்குப் போதாது.

ஆகவே என் முடிவு: கிண்ணியாவின் குடிநீர்க் கிணற்றுக்குள், வீட்டு வாளிக்குள் பரசல்பேற்றோடு சேர்ந்த உயிர்க்கரி ஊக்கியை இன்றுள்ள சான்றைக்கொண்டு விடக்கூடாது. கோபாற்று ஏற்றிய கரியை எக்காலத்திலும் விடக்கூடாது. உலோகமில்லாத, நீராவியால் திறந்த, சுத்தமாகச் சுட்ட உமிக்கரியை வடிகட்டும் படுக்கையாக, சிரட்டைக் காபனுக்கு எதிரே நிறுத்திச் சோதிப்பதற்கு முழுத் தகுதி உண்டு. ஊக்கியின் இடம் கழிவுத்தொட்டியும் கரிமீட்கும் கூடமும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடைவெளி வைப்பதும், குழாய்நீரை வராத வீடுகளுக்குக் கொண்டுபோவதும் எந்தக் கரிக்கும் முன்னே செய்யவேண்டிய வேலைகள். அவற்றுக்கான காசை ஊக்கியின் பெயரால் யாரும் திருப்பக்கூடாது.

திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தினரிடமும் அங்கே படிக்கும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த உயிர்க்கரி ஆய்வில் வடிநீரைத் தள்ளிவையுங்கள். பெரும்போகத்தில் ஒருமுறையும் சிறுபோகத்தில் ஒருமுறையும் கரையோரக் கிணற்று நீரை எடுத்து, மாசை மைக்கிரோகிராம் அளவில் சேர்த்து, சோதனைக்கு முன்னும் பின்னும் புரோமேற்றை அளந்து, அந்த எண்ணைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே போடுங்கள்.